இரண்டு இடக்கைச் சட்டை

சட்டை தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுக்கு அரைநூல் என்று பெயர். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருவது ஒரு நூல். அதில் பாதிக்காகவும் சண்டை போடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பதினோரு வருடம் கட்டிங் மேசை அவள் ராஜ்ஜியமாக இருந்தது. பிறகு காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. துணிகள் தன்னைப் பற்றிப் புறணி பேசுகின்றன என்று ஒருநாள் துணிச்சுருள் முழுவதையும் மேசைக்கடியில் ஒளித்துவைத்தாள். ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு என்று ஒன்றரை வருடம் போயிற்று.

குரல்கள் போய்விட்டன. போகிற போக்கில் ஞாபகத்திலும் கவனத்திலும் கொஞ்சம் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தன. அளவு சொன்னால் காதில் விழும். சாக்பீஸை எடுப்பதற்குள் பாதி காணாமல் போகும்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நோயோட ஒரு பகுதி. பழகப் பழகக் கொஞ்சம் தேறும். தேறாததுக்குச் சுத்துவழி கண்டுபிடிங்க," என்றார் டாக்டர்.

அதை மட்டும் அவள் மறக்கவில்லை. டாக்டரைவிட அதிகம் தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அண்ணி தினமும் பாதாம் ஊறவைத்தாள். அண்ணன் குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கிவந்து, தானே உட்கார்ந்து போட்டு முடித்தான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வினை வந்தது. இருபத்து நான்கு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த ஓர் அடுக்கு. சட்டைக் கையின் அளவு அட்டையை மேலே வைத்து வெட்டினால் இடக்கை. அதையே புரட்டிப் போட்டு வெட்டினால் வலக்கை. அவள் புரட்ட மறந்தாள். இரண்டு இடக்கைகளோடு பிறந்தவர்கள் இருபத்து நான்கு பேர் கிடைத்திருந்தால் அன்றே சட்டைகள் விற்றிருக்கும்.

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உடம்பைப் பாத்துக்கம்மா. உக்காந்து நூல் பிசிறு வெட்டு. தலைக்கு வேலை இல்லாத வேலை."

"தலைக்கு வேலை வேணும் சார். அதுக்குத்தானே வந்தேன்."

முதலாளி முகவாயைச் சொறிந்தார். "வெள்ளிக்கிழமை ஒரே ஒரு அடுக்கு தரேன். அதுவும் போச்சுன்னா பிசிறுதான். அப்புறம் மேசைப் பேச்சே எடுக்கக் கூடாது."

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம் அடித்தாள். சிவப்பு இடக்கை, நீலம் வலக்கை. அதுவும் போதவில்லை. நடுவில் யாராவது தண்ணீர் கேட்டால், சிவப்பை வெட்டியாயிற்றா, இனிமேல்தானா என்பது பறந்துவிடும். அதனால் ஒவ்வொரு வேலையையும் முடித்தவுடன் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். அவள் வெட்டிப் பழகியதில் அந்த வாரம் அண்ணன் வீட்டுச் செய்தித்தாளுக்கெல்லாம் கை முளைத்தது.

வெள்ளிக்கிழமை துணி விரித்தாள்.

"சிவப்பு மேல. வச்சாச்சு. கோடு போட்டாச்சு." கட்டிங் மெஷின் ஒரு சுற்று வந்தது. "சிவப்பு வெட்டியாச்சு."

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பட்டன் துளைக்குக் காஜா போடுகிறவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அந்தப் பட்டறையில் தனக்குத்தானே பேசாதவர் யாரும் கிடையாது. காஜாக்காரர் தன் மெஷினை அதன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். முதலாளி போனை வைத்த பிறகும் கால்மணி நேரம் அதோடு வாதாடுவார். ஆனால் அவர்களிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை. சீட்டு இருப்பவள் பேசினால் அது வேறு.

முதலாளி மெதுவாக அண்ணனுக்குப் போன் போட்டார். பத்து நிமிடத்தில் அண்ணன் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைந்தான்.

"பாப்பா, வா. வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ இப்ப யார்கிட்ட பேசுறே அண்ணே?"

"உன்கிட்டதான்."

"நானும் என்கிட்டதான் பேசுறேன். நான் பேசினா ஞாபகம் நிக்குது, நீ பேசினா ஓடிடுது. அந்த ஸ்டூல்ல உக்காரு. ஹெல்மெட்டைக் கழட்டாதே, வாய்க்கு நல்லது."

அண்ணன் உட்கார்ந்தான். ஆனால் ஓட வேண்டியது ஓடிவிட்டது. அவள் அட்டையை எடுத்து வைத்தாள். மேலே சிவப்பு. கை மெஷினுக்குப் போயிற்று.

"சிவப்பு மேல..." என்றவள் நின்றாள். வெட்டிய துண்டுகளைக் கீழே கூடையில் போட்டாயிற்று. மேசையில் மிச்சத் துணிதான் கிடந்தது; வெட்டிப் போனது சிவப்பா நீலமா என்று அது சொல்லவில்லை. மெஷினைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் ஒட்டுக் கேட்டீங்கல்ல? சிவப்பு வெட்டியாச்சுன்னு சொன்னேனா, இல்லையா?"

எல்லோரும் தங்கள் மெஷின் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் காஜாக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சொன்னீங்கக்கா. இவங்களுக்கெல்லாம் அதக் கேட்டுத்தான் பயம் வந்துச்சு."

அவள் அட்டையைப் புரட்டினாள். "நீலம் மேல. வச்சாச்சு." மெதுவாக, பழைய நாளில் மூன்று அடுக்கு வெட்டியிருக்கும் நேரத்தில் அந்த ஒன்றை வெட்டி முடித்தாள். "நீலம் வெட்டியாச்சு."

முதலாளி கூடையைக் கவிழ்த்து ஜோடி சேர்த்துப் பார்த்தார். இருபத்து நான்கு இடம், இருபத்து நான்கு வலம். நம்பாமல் மறுபடி சேர்த்தார். அரைநூல் பிசகவில்லை.

"மேசை உன்னுதுதான்," என்றார். "ஆனா இப்படிச் சத்தமாப் பேசணுமா? ஆர்டர் குடுக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"மனசுக்குள்ள சொன்னா நிக்க மாட்டேங்குது சார். முன்ன மாதிரி வேகம் வராது, பேச்சும் நிக்காது. கை ரெண்டும் சரியா வரும்."

முதலாளி வெட்டிய துண்டுகளையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அடுத்த ஆர்டரின் காலர் அளவுகளை ஒரே மூச்சில் கொட்ட ஆரம்பித்தார். அவள் உள்ளங்கையைக் காட்டினாள்.

"ஒண்ணொண்ணா."

அவர் முதல் அளவை மட்டும் சொன்னார். அவள் துணியோரத்தில் சாக்பீஸால் எழுதினாள்.

"எழுதியாச்சு," என்றாள்.

"எழுதியாச்சு," என்று தன் மெஷினிலிருந்தபடி சாட்சி சொன்னார் காஜாக்காரர்.