பதில் கூவல்

கொரோனாவில் கல்லூரியை மூடியபோது, எங்கள் சாமைக் கொல்லை ஓரத்துப் பாறைதான் எனக்கு வகுப்பறை. புதூர்நாட்டு மலையில் எங்கள் ஊருக்கு அங்கேதான் டவர் கிடைக்கும். ஒருநாள் போனில் பாடம் நடக்கையில் கதிர் தின்னக் கிளிகள் கொல்லையில் இறங்கின. மைக் திறந்திருப்பதை மறந்து, அவற்றை விரட்ட "ஹோ... ஓய்!" என்று அடிவயிற்றிலிருந்து கூவிவிட்டேன். வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பதிவு செய்து ரிங்டோன் ஆக்கினான்.

கல்லூரி திறந்த அன்று நான் வாசலில் கால் வைத்ததும் நாலைந்து பைகளுக்குள் நான் கூவினேன். வகுப்பே சிரித்தது. அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். வீட்டு ஆட்களைத் தவிர யாரையும் பார்க்காமல் கிடந்தவளுக்குக் கூட்டத்தைக் கண்டாலே வியர்த்தது. அன்றோடு வகுப்பில் பேசுவதையே விட்டேன். வருகைப் பதிவில் கையை மட்டும் தூக்குவேன். எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும் நான் கழற்றவில்லை. செமினாரில் வாய் திறக்காமல் நின்றேன்.

"அடுத்த தடவையும் பேசலன்னா பெயிலுதாம்மா," என்றார் சார்.

படிப்பை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவனை மட்டும் விடக் கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

அந்த வருட என்.எஸ்.எஸ். முகாமை எங்கள் ஊரிலேயே போட்டார்கள். ஒரு மதியம் திடீரென்று மூடுபனி இறங்கியது. செல்ஃபி எடுக்கப் போன அவன் திரும்பவில்லை. போனிலும் பிடிக்க முடியவில்லை.

"உங்க ஊருதானேம்மா, இன்னா பண்லாம்?" என்று சார் என்னிடம் வந்தார்.

பனியில் ஆள் வழி தவறினாலும் நாங்கள் கிளி விரட்டுவது போலத்தான் கூவுவோம். வழி தவறியவர் அதே கூவலைத் திருப்பிக் கூவ வேண்டும். சத்தம் வரும் பக்கம் போய் அழைத்து வருவோம். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூவினேன்.

"நான் இங்கதான் கீறேன்!" என்றது அவன் குரல். கீழே மாட்டுப் பாதையில்தான் நிற்கிறான். எனக்குத் தெரிந்துவிட்டது.

"பேசுனா எடம் தெரியாது. நான் கூவுன மாதிரியே கூவு!"

கூவினான்.

"கேக்கல. இன்னும் சத்தமா!"

எல்லாருக்கும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். சார் என்னையே பார்த்தார். அவன் குரல் உடைந்து அழுகை கலந்த பிறகுதான் இறங்கிப் போய்க் கூட்டி வந்தேன்.

திங்கட்கிழமை அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாப் பைகளுக்குள்ளும் அவன் கூவினான். தலையைக் குனிந்துகொண்டே போய் உட்கார்ந்தான். எனக்குத் துளி இரக்கம் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சார் என் பெயரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா!" என்றேன், பக்கத்து வகுப்புக்கும் கேட்கும்படி.