கோணிக் கூடாரத்தின் நான்கு மூலைகள்

நாங்கள் குடும்பத்தோடு மலைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினோம் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சுரங்கத்துக் கூலி வீட்டுக்கு மலைவாசமா என்கிறார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். போனோம், தங்கினோம், அதனால் வந்த வம்பையும் ஒரு கை பார்த்தோம்.

அப்போது தங்கவயலில் எங்களுக்கெல்லாம் மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகள்தான். குடும்பத்துக்கு ஓர் அறை. நைனா, அதாவது எங்கள் அப்பா, சுரங்கக் குழியான ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறையில் துளை போடுகிறவர். விடிவதற்கு முன்னால் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பிள்ளைகளில் நான் மூத்தவள், அடுத்தது தம்பி, கடைசியாகத் தங்கை. அவளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். பாறையை அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண்மேட்டிலிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் தூசி எங்கள் சோற்றிலும் பாயிலும் வந்து விழும். தங்கை ராத்திரி முழுக்க இருமுவாள்.

அம்மா பெருக்கித் துடைக்கப் போகிற பங்களாவில் துரையின் பிள்ளைக்கும் அதே இருமல். மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாராம். உடனே கூடாரம், கட்டில், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். மூட்டை கட்டிக் கொடுத்தவள் என் அம்மா. அன்று வீட்டுக்கு வந்து முந்தானையை உதறினாள். நாமும் போகிறோம் என்றாள்.

நைனா மேஸ்திரியிடம் லீவு கேட்டார். எங்களை வட ஆற்காட்டிலிருந்து கூட்டிவந்தவர் அந்த மேஸ்திரி. வேலை கொடுப்பதும் அவர், அறை கொடுப்பதும் அவர். நாலு பேர் முன்னால் அவர் சிரித்தாராம். "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையாடா உனக்கு?" ஞாயிற்றுக்கிழமை எங்கே வேண்டுமானாலும் போ, திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் இல்லையென்றால் அறை வேறு குடும்பத்துக்கு என்று கறாராகச் சொல்லிவிட்டார். நைனா தொங்கிய முகத்தோடு வந்து, வேண்டாம் என்றார்.

அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தொரை புள்ள நெஞ்சுதான் நெஞ்சு, நம்ம புள்ள நெஞ்சு இன்னா கோணியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிஜமாகவே கோணிகளைத் தேடிப் போனாள். அரிசிச் சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். அதுதான் எங்கள் கூடாரம். பழைய தவிட்டு வாசனை அடித்தது.

சனிக்கிழமை நைனாவுக்கு அரை நாள் ஷிஃப்டுதான். மதியம் பூதிகோட்டையிலிருந்து காய்கறி கொண்டுவந்த வண்டி காலியாகத் திரும்பியது. அதில் ஏறிப் போய், மலையடிவாரத்தில் இறங்கி, சாமான்களைச் சுமந்துகொண்டு ஏறினோம். நைனா நாலு மரமுளை சீவிக் கொண்டுவந்திருந்தார். மேலே போய்ப் பார்த்தால் மலை முழுக்க ஒரே பாறை. முளையை எங்கே அடிப்பது?

தினமும் பாறையில் ஓட்டை போடுகிற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அம்மா எகிறினாள். "நான் போடற ஓட்டை வெடி வெக்க. வூடு கட்டறதுக்கு இல்ல" என்றார் நைனா. நடுவில் கம்பை நிறுத்தி, நாலு மூலைக்கும் கல்லை வைத்தோம். பொழுது சாய்ந்ததும் காற்று வந்தது பாருங்கள், கோணி கல்லையும் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. அம்மா கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஆளுக்கு ஒரு மூலை, உக்காருங்க" என்று கத்தினாள். நைனா ஒரு மூலை, நான் ஒரு மூலை, தம்பி ஒரு மூலை. நாலாவது மூலையில் தங்கையை உட்கார வைத்து, நீ எழுந்தால் வீடு பறந்துவிடும் என்று சொன்னாள். தங்கை அதை அப்படியே நம்பினாள். கல்லைக் கட்டிக்கொண்டு அங்கேயே தூங்கியும் போனாள். விடியும்போதுதான் அம்மா கவனித்தாள், பிள்ளை ஒரு தடவைகூட இருமவில்லை.

மறுநாள் நைனா வெயில் ஏறிய பாறையில் மல்லாந்து கிடந்தார். பகல் வெளிச்சத்தில் அவர் அப்படிக் கிடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். "கூழும் இருக்குது, மீசையும் இருக்குது. இன்னா கெட்டுப்போச்சு?" என்றாள் அம்மா. நைனாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

வெயில் தாழ்ந்ததும் அம்மா பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள். அப்போது இறங்கினால்தான் திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போக முடியும். நைனா எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் இருப்போம் என்றார். அறை போய்விடுமே என்று இந்தத் தடவை பயந்தவள் அம்மா.

"போனா போவுது. அது இருமாம தூங்குச்சு, பாத்தல்ல" என்றார் நைனா. அம்மா மூட்டையை அவிழ்த்தாள்.

திங்கட்கிழமை காய்கறி வண்டியிலேயே திரும்பினோம். எங்கள் சட்டிபானைகள் வாசலில் கிடந்தன. உள்ளே வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய குடும்பம். அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி, எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அம்மா அவளை ஒரு சொல் சொல்லவில்லை. "நீ இன்னாம்மா பண்ணுவ, உள்ள இரு" என்று சொல்லிவிட்டு, கோணியையும் கம்பையும் தோளில் போட்டுக்கொண்டு நேராக மேஸ்திரி வீட்டுக்கு நடந்தாள்.

அவர் வீடு லைனின் தலைமாட்டில் இருந்தது. ஷிஃப்டு முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சரியாக அந்த வாசலில் அம்மா கம்பை நிறுத்திக் கோணியை விரித்தாள். எங்களுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடிப் போய் அவரவர் மூலையில் உட்கார்ந்தோம். நைனாவும் மீசையைத் தடவிக்கொண்டு தன் மூலையில் உட்கார்ந்தார்.

மேஸ்திரி வெளியே வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். வேலையும் கிடையாது, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். அம்மா அடுப்புக்குக் கல் கூட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள் சங்கு ஊதி, ஆளேற்றும் கேஜுக் கூண்டில் மேலே வந்த ஆட்கள் உடம்பெல்லாம் சேறாக அந்த வழியே வந்தார்கள். முதலில் வந்தவன் சிரித்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

கூட்டத்தைப் பார்த்ததும் மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது. இருப்பதில் சின்ன மூலையாகப் பார்த்து, தங்கையின் முன்னால் குனிந்தார். எழுந்திரு பாப்பா என்று கொஞ்சினார்.

"மாட்டேன். நான் எழுந்தா வூடு பறந்துடும்" என்றாள் தங்கை.

முதலில் சிரித்தவன் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்னொருவர் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் நாலு மூலையிலும் இடமில்லாமல் உட்கார்ந்தார்கள்.

மேஸ்திரி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் லைன் கோடி அறையின் சாவி இருந்தது. காலையில் ஷிஃப்டுக்கு வந்துவிடு என்று நைனாவிடம் முணுமுணுத்தார். அம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் தங்கையைப் பார்த்து, இப்போது எழுந்திரு என்றாள். அப்போதும் அவள் சாக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் எழுந்தாள்.