தரையில் உட்கார்ந்து ஊதிப் பார்த்தது

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு நானும் கணவரும் இசைக்கருவிக் கடைக்குள் நுழைந்தோம். முதலில் கண்ணில் பட்டது சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானி. முள் ஐம்பத்திரண்டில் நின்றது. சுபாங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடி அது. கீழே மழை விட்ட வெக்கை. மேலே மரக் கருவிகளுக்காகவே ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அரங்கேற்றம். நாட்டியத்துக்குப் பக்கவாத்தியமாக நான் கிளாரினெட் வாசிப்பவள். போன வருடம் நிமோனியா வந்து மருத்துவமனையில் கிடந்தேன். அதற்குப் பிறகு வர்ணம்தான் பிரச்சினை. நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படி அது. பாதி தாண்டியதும் என் ஒலி மெலிந்துவிடுகிறது. உதட்டோரத்தில் காற்று கசிகிறது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசி ஒத்திகையில் நடன ஆசிரியை எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முடியலன்னா சொல்லுங்கக்கா. பந்திங்ல புல்லாங்குழலுக்கு ஒரு ஆள் இருக்காரு.”

பழுது கருவியில்தான் என்றேன். பள்ளி பேண்டு காலத்து பிளாஸ்டிக் கிளாரினெட் அது. நான் சொன்னது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அறுபது வயதிருக்கும் சீனர். மேசையில் பச்சைத் துணி விரித்து இரண்டு கிளாரினெட்டுகளை வைத்தார். இரண்டும் கறுப்பு மரம், மேடைக் கலைஞர்கள் வாசிக்கும் தரம். என்னுடைய ஊதுமுனையையும், அதில் கட்டும் நாணல் சீவலான ரீடையும் கொண்டுபோயிருந்தேன். அவற்றை மாற்றாமல் ஊதினால்தான் வித்தியாசம் கருவியினுடையதா என்று தெரியும்.

முதலாவது ஊதியவுடன் பேசியது. ஒலி வெளிச்சமாக இருந்தது, கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் வெறுமை. இரண்டாவது காற்றை உடனே உள்ளே விடவில்லை. எதிர்த்தது. அழுத்தித் தள்ளிய பிறகு வந்த ஒலி கனமாக, உருண்டு வந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும்போது எங்கும் துள்ளவில்லை. நம் சங்கீதத்துக்கு அது முக்கியம். ஊதுகிறவளுக்குக் கேட்பதும் எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல என்பதால் கணவரைக் கூட்டிப் போயிருந்தேன். அவருக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை. ராகம் எதுவும் தெரியாது. கிட்டார்கள் தொங்கும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னேன். நின்றபடி இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவதையே சொன்னார்.

“இதான்லா. மத்தது பாசார் மாலாம் ஸ்பீக்கர் மாதிரி இருக்கு.” இரவுச் சந்தையில் கூவி விற்கிற ஸ்பீக்கரைச் சொன்னார்.

கடைக்காரர் பெட்டியை எடுக்கப் போனார். உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்றேன். நாற்காலி கொண்டுவந்தார். நாற்காலி வேண்டாம், தரையில் என்றேன். இந்தக் கடையில் தரையில் உட்காருவது தன் பேரப்பிள்ளைகள் மட்டும்தான் என்று சொல்லி, டிரம் ஸ்டாண்டு ஒன்றை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

சம்மணமிட்டால் வயிறு மடிகிறது. கீழ் விலா விரிய இடமில்லை. மேடையில் நான் உட்காருவது அப்படித்தான். அரங்கேற்றத்துக்கான வர்ணத்தை இரண்டாவது கிளாரினெட்டில் தொடங்கினேன். பல்லவி நன்றாகவே போனது. சிட்டைஸ்வரத்துக்கு வந்தபோது தாடை வலித்தது. வலது உதட்டோரத்தில் காற்று சீறுவது எனக்கே கேட்டது. நிறுத்தவில்லை. சரணத்தில் இரண்டு இடங்களில் சுரம் வருவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது.

கணவர் இன்னும் கிட்டார்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எது என்று கேட்டேன்.

“மொதல்லது. அந்த ஸ்பீக்கர்” என்றார். “இப்ப மூக்கடைச்ச மாதிரி வேற கேக்குது.”

நான் திருத்தவில்லை. கடைக்காரர் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்து மெல்லிய ரீட் ஒன்றை நீட்டினார். அதைப் போட்டதும் காற்று சுலபமாகப் போனது. ஆனால் அந்தக் கனம் போய்விட்டது. கனத்துக்காகத்தான் அந்தக் கருவி.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். பழைய ரீடை மாட்டி, முதலாவதை எடுத்து, வர்ணத்தை மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். சரணத்தின் கடைசிச் சுரக்கோவையில் என்னிடம் மூச்சு குறைவாகத்தான் இருந்தது. இருந்த மூச்சுக்கு ஒலி வந்தது. அறுபடாமல் முடித்தேன். எழுந்திருக்க மேசைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“சரி, எத எடுக்கப் போற?” கணவர் திரும்பினார்.

“மொதல்லத.”

“நான் சொன்னது காதுல விழலயா?”

“விழுந்துச்சு.”

அவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் பச்சைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

கிள்ளானுக்குத் திரும்பும்போது, கூட்டரசு நெடுஞ்சாலையில், காரிலிருந்தே நடன ஆசிரியையை அழைத்தேன். புதுக் கருவி வாங்கியாயிற்று, வர்ணம் முழுவதையும் நானே வாசிக்கிறேன் என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றார். புல்லாங்குழல்காரரிடம் போன வாரமே பேசிவிட்டதாகவும், புதன்கிழமை ஒத்திகைக்கு அவர் பந்திங்கிலிருந்து வருவதாகவும் சொன்னார்.