டிபன் கொட்டகைக்கு வெளியே

என் பொண்ணுக்குக் காக்கா வலிப்பு. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டா. 'அப்பப்போ மயக்கம் வரும்'னு மழுப்பிடுவா. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் மழுப்பிண்டிருந்தேன். அப்புறம் அலுத்துப்போச்சு. மயக்கம்னு சொன்னா, மூஞ்சில தண்ணி தெளிச்சாப் போறும்னு நெனச்சுண்டுடறா.

மயிலாப்பூர்ல குளத்துக்குப் பக்கத்துத் தெருவில எங்காம். இவளுக்கு எட்டு வயசு, அடுத்தது தூளில. எங்காத்துக்காரர் ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தா. கார்த்தால டிராம் ஏறினார்னா விளக்கு வெச்சப்புறம்தான் முகத்தைப் பாக்கலாம். அவரோட அக்கா, சின்ன வயசுலயே புருஷனை இழந்தவ, எங்களோடயே இருந்தா. சமையல் அவ கைல. மடி, ஆசாரம்னா உயிரை விடுவா. எங்காம்னு சொன்னா இவ்வளவு பேர்தான்.

முதல்ல போன ஸ்கூல்ல, மத்தக் குழந்தைகள் பயந்துக்கும்னு ரெண்டே நாள்ல திருப்பி அனுப்பிட்டா. ரெண்டாவது ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் சேத்துண்டா. நல்ல மனுஷி, அதுல சந்தேகமில்லை. க்ளாஸ்ல டீச்சர் பக்கத்துலயே உக்காத்தி வெக்கறேன்னா, கிணத்துப் பக்கம் விடமாட்டேன்னா. சொன்னபடி செஞ்சா. என் கவலையெல்லாம் மத்தியானச் சாப்பாடு. ஆத்துக்குக் கூட்டிண்டு வரலாம்னா, அந்த உச்சி வெயில்ல நடத்தப்படாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருந்தார். டீச்சர்கள் எல்லாரும் அந்த நேரத்துல மாடி ரூம்ல சாப்பிடுவா. கீழே இருக்கறது ஆயா ஒருத்திதான்.

ஆயா பட்டினப்பாக்கம் குப்பத்துக்காரி. பிராமணப் பொண்கள் சாப்பிடற கொட்டகைக்குள்ள அவ காலை வெக்கக் கூடாது. அது ஸ்கூல் போட்ட சட்டம்னு சொல்றதா, எங்க தெருக்காரா போட்ட சட்டம்னு சொல்றதா? எல்லாரும் சேந்துதான் போட்டா. "ஆயாவை வாசப்படியிலயே நிக்க வெக்கறேன், கண்ணை எடுக்காம பாத்துண்டிருப்பா"ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னா. சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். தூளியில ஒண்ணை வெச்சுண்டு தினம் நானே போய் நிக்க முடியாது, வேற என்ன பண்றது? ஒவ்வொரு மத்தியானமும் நான் ஒரு வாய் சாதத்தை நிம்மதியா முழுங்கினதில்லை.

மார்கழி முடியற சமயம், ஸ்கூல் ப்யூன் மூச்சிறைக்க வந்து நின்னான். கைக்குழந்தையை இடுப்புல தூக்கிண்டு ஓடினேன். எப்படி ஓடினேன்னு இன்னிக்கும் தெரியலை.

வாயில தயிர்சாதம் இருக்கறச்சே வலிப்பு வந்திருக்கு. பக்கத்துல இருந்த பொண்கள் எல்லாம் செவுத்தோரம் ஒதுங்கிடுத்துகள். பாவம், குழந்தைகள்தானே. ஆயா வாசப்படியில நின்னுண்டு 'டீச்சரம்மா, டீச்சரம்மா'ன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கா. மாடியிலேருந்து டீச்சர் எச்சிக் கையோட இறங்கி வரதுக்குள்ள உதடு நீலம் பாரிச்சுப் போச்சாம். புரட்டிப் போட்டப்போ சாதம் தானா வெளில விழுந்துதாம். தானா. தானா விழாம இருந்திருந்தா?

கொழந்தை டீச்சர் மடில துவண்டு கிடந்தா. நான் நேரா ஆயாகிட்ட போனேன். வந்த கோபத்துல என்ன கேட்டேனோ. 'நீயெல்லாம் ஒரு பொம்மனாட்டியா, பாத்துண்டு நின்னியே'ன்னுதான் கேட்டிருப்பேன்.

அவ அழுதுண்டிருந்தவ, சட்டுனு நிமிந்து பாத்தா. "உள்ளார பூந்தா என் வேலை பூடும்மா. வூட்ல நாலு வாய் கீது. இன்னொரு தபா வந்தா இன்னா பண்ணணும்? பூரணுமா, வாணாமா? நீயே சொல்லு."

பக்கத்துல வந்து நின்ன ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட திரும்பி, "இவ கேக்கறதுக்கு நீங்க பதில் சொல்லுங்கோ"ன்னேன்.

அவ நெத்தியைத் தேச்சுண்டா. "நான் வாயால உள்ள போன்னு சொன்னா, நாளைக்கே பாதிப் பொண்களை அவாவா ஆத்துல நிறுத்திடுவா. மீதி இருக்கறதை வெச்சுண்டு ஸ்கூலை நடத்த முடியாது. என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்கோ"ன்னா. தப்பா நெனைக்கலை. அவளைப் பாத்தாலும் எனக்குப் பாவமாத்தான் இருந்தது. ஆனா பாவம் பாத்து என் பொண்ணுக்கு மூச்சு வருமா?

"அவ உள்ள வரப்படாதுன்னா, என் பொண்ணு வெளில போகலாமோல்லியோ? நாளைலேருந்து ஆயா பக்கத்துல உக்காந்து சாப்பிடட்டும்"னேன்.

"உங்காத்துல ஒத்துப்பாளா?"

"ஒத்துக்க மாட்டா."

ஒத்துக்கலைதான். எங்காத்துக்காரர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "யோசிச்சுச் செய்"ன்னார். அவர் எதுக்கும் அதைத்தான் சொல்லுவார். நாத்தனார்தான் கொதிச்சா. "அவ பக்கத்துல உக்காந்து தின்னுட்டு வந்தா, குளிக்காம நிலைப்படி தாண்டப்படாது. சமையலுள் பக்கம் எட்டியே பாக்கப்படாது"ன்னா. "சரிக்கா, பாக்க மாட்டா"ன்னேன். அன்னிலேருந்து அவ என்னோட பேச்சை நிறுத்திட்டா. மூணு வேளையும் சமைப்பா, போடுவா, வாயைத் திறக்க மாட்டா. பேசாத மனுஷாளோட ஒரே ஆத்துல இருக்கறது இருக்கே, அதைவிட அலுப்பு வேற இல்லை.

பொண்ணுதான் என்னைக் கேட்டா. "நான் மட்டும் ஏம்மா வெளில சாப்பிடணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்?" நீ ஒண்ணும் பண்ணலைடி கண்ணம்மா, உள்ள உக்காந்திருக்கறவாதான் பண்றான்னு சொன்னேன். எட்டு வயசுக்கு அது என்ன புரியும். அழுதுண்டே போனா. சாயங்காலம் வந்ததும் கிணத்தடில நிறுத்தி ரெண்டு சொம்பு ஊத்துவேன். நடுங்குவா.

கொஞ்ச நாள் ஒண்ணும் வரலை. எல்லாரும் மறந்துகூட போயிட்டா. மாசி வெயில் ஏறினப்போ ஒரு நாள், ஸ்கூல் விடறதுக்கு முன்னாடியே வாசல்ல ஆயா குரல் கேட்டது. கொழந்தையைத் தோள்ல சாச்சுண்டு நின்னா. அதோட வாயோரத்துல சாதம் காஞ்சு ஒட்டிண்டிருந்தது. ஆயாவோட விரல்ல கந்தல் சுத்தி, ரத்தம் ஊறியிருந்தது.

"வாயில சோறு இருக்க சொல்லோ வந்துடுச்சும்மா. வெரலை வுட்டு வாரிட்டேன். கடிச்சு வெச்சுட்டா உன் பொண்ணு, இன்னா பல்லு"ன்னா. சிரிக்கறாளா, கோச்சுக்கறாளான்னு தெரியலை.

நான் கையை நீட்டி வாங்கிண்டேன். நல்ல தூக்கம் கொழந்தை. எழுப்பிக் கிணத்தடிக்குக் கூட்டிண்டு போக எனக்கு மனசு வரலை, தெம்பும் இல்லை. அப்படியே நிலைப்படி தாண்டி உள்ள தூக்கிண்டு வந்து படுக்க வெச்சேன். நாத்தனார் சமையலுள் கதவைப் பிடிச்சுண்டு பாத்துண்டே நின்னா. நானும் அவளைப் பாத்தேன். சொல்றதைச் சொல்லிக்கோ, எனக்குக் கேக்கத் தெம்பில்லைன்னு இருந்தேன். அவ கதவை விட்டுட்டு அடுப்பண்டை போனா.

வாசல்லேருந்து ஆயா உள்ளே பாத்துக் குரல் குடுத்தா. "நாளைக்கு சோத்தை நல்லா கொழைச்சு அனுப்பும்மா. வார சொல்லோ பருக்கை பருக்கையா சிக்குது."

மறுநாள் கார்த்தால எனக்கு எழுந்திருக்க நேரமாயிடுத்து. சாதத்தைக் குழைக்கணுமேன்னு அவசரமா போய்ப் பாத்தா, நாத்தனார் ஈரப் புடவையோட அடுப்பண்டை உக்காந்திருந்தா. டிபன் டப்பாவில தயிர்சாதம், ஒரு பருக்கைகூட தட்டுப்படாம மசிச்சு வெச்சிருந்தா. என் பக்கம் திரும்பலை. டப்பாவைத் தரையில வெச்சு என் பக்கமா நகர்த்தினா.