தங்கத்தை மோதவிடும் மாமன்

இந்த ஊரில் காலையில் எதிர்ப்படுபவர்கள் நலம் விசாரிப்பதில்லை. "பீம் வந்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள், மதுரையில் எங்கள் தெருவில் "தண்ணி வந்துருச்சா?" என்று கேட்பதுபோல. அமெரிக்காவில் எனக்கு வேலை, தங்க அணுக்கருக்களைக் கற்றையாக ஓடவிட்டு ஒன்றோடொன்று மோதவிடும் ஆய்வுக்கூடத்தில். அந்தக் கற்றைதான் பீம். மோதிய இடத்தில் பொருள் உருகிக் கொதிக்கும். கண்ணிமைக்கும் நேரம்கூட அது நிற்காது. அதற்குள் என்ன நடந்தது என்று சொல்ல எங்களுக்கிருக்கும் சாட்சி கனமான குவார்க்குகள் என்னும் நுண்துகள்கள். மோதியவுடனே இரண்டிரண்டாகப் பிறந்து, கொதிப்பு முழுவதையும் கடந்து வருபவை. கூடப்பிறந்தது கொதிப்பில் பிரிந்துபோனால், ஆறும்போது பக்கத்தில் கிடைத்ததோடு ஒட்டிக்கொள்ளும். சேர்ந்தே வெளிவரும் ஜோடிகள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

என்னோடு பிறந்தவள் செல்வி ஒருத்திதான். அவள் மகளுக்குக் காது குத்தவேண்டும். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எங்கள் பக்கம் குத்துவார்கள். அதனால் அவள் எங்கள் இயந்திரம் எப்போது ஓயும் என்று கேட்டுக்கேட்டு முகூர்த்தம் குறித்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது பழுதாகும், ரன் என்று நாங்கள் சொல்லும் இயந்திர ஓட்டம் நீளும், முகூர்த்தம் தள்ளிப்போகும். பொறுப்பாளர் ஹெலனிடம் விடுப்புக் கேட்டேன். "காது குத்த உன் மடி எதற்கு? டாக்டரிடம் நாற்காலி இருக்குமே?" என்றாள், உண்மையான அக்கறையோடு.

செல்வியோ போனில் சீறினாள். "தங்கத்த ஒடைக்கவாண்ணே அம்புட்டுத் தூரம் போன? இங்க தோடு பொட்டியிலயே கெடக்கு."

"ரன் முடியட்டும்த்தா, வாரேன்."

அந்த நாட்களில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. திரையைப் பார்த்தால் அவள் குரல். போனை எடுத்தால் திரையின் நினைப்பு.

ஒருவழியாக அழகர்கோவில் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே குத்தியிருந்தால் யார் மடி என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. இப்போது தெரிந்தது. நான் கை நீட்டியதும் வீறிட்டு, என் சித்தப்பா மகன் முருகேசனிடம் தாவினாள். நான் வராத நாளெல்லாம் அவளைத் தூக்கிச் சுமந்த மாமா அவன்தான். எனக்கு முகம் செத்துப்போனது.

"கூடப்பொறந்த மாமன் மடி படாம எப்பிடிக் குத்துறது?" என்று ஆசாரி தயங்கினார்.

"காலாவது எங்கண்ணன் மேல படட்டும்" என்று செல்வி என்னை முருகேசனை ஒட்டி உட்காரவைத்தாள். பிள்ளையின் தலை அவன் மடியில், கால் என் மடியில்.

ஊசி ஏறியதும் "மாமா!" என்று அலறினாள். நாங்கள் இருவருமே குனிந்தோம். அவள் கைகள் முருகேசனின் கழுத்தைக் கட்டிக்கொண்டன. ஒரு பாதம் மட்டும் என் உள்ளங்கையில் உதைத்துக்கொண்டிருந்தது.