புளி போட்டுத் தேய்த்த இருபது பைசா

முதல் சில்லறை மூட்டையை அவிழ்த்தபோது அப்பாவும் அம்மாவும் நானும் இருந்தோம். அக்கா இல்லை. மூட்டைக்குப் போன பணம் முழுக்க அவளுடையது. அவள் ஓவர்டைமில் இருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கா சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவளை எட்டாவதோடு நிறுத்தியதால்தான் நான் காலேஜ் வரை போனேன், எங்கள் வீட்டில் முதல் ஆளாக. மோட்டார் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்று இரண்டாயிரத்து நானூறுக்கு வந்தது. அது கிடைத்தால் வீட்டிலேயே தைக்கலாம், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்க வேண்டாம். இருநூறு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். மீதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். கையில் இருந்தது ஐந்நூறு.

அப்போதுதான் ஸ்டேஷன் பிளாட்பாரக் கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தேன். பழைய நாணயங்களுக்கு விலை போட்ட ஆங்கிலப் புத்தகம். தாமரைப் பூ போட்ட பித்தளை இருபது பைசா, குறிப்பிட்ட ஒரு வருடத்தில் அடித்தது, இரண்டாயிரம் ரூபாய் என்று இருந்தது. வங்கி மூட்டைகளில் தேடினால் கிடைக்கும் என்றேன்.

"படிச்சவன் சொல்றான்," என்றார் அப்பா. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா டப்பாவிலிருந்து ஐந்நூறையும் எடுத்துக் கொடுத்தாள்.

சில்லறை கேட்டால் முகம் சுளிக்கும் வங்கிக் காசாளர், இருபது பைசா என்றதும் எழுந்தே நின்றார். மூட்டைக்கு நூறு ரூபாய், ஐந்து மூட்டை.

"எடுத்துட்டுப் போப்பா. ஆனா திருப்பிக் கொண்டு வராதே. எண்ண ஆள் கிடையாது."

எதற்குத் திருப்பிக் கொண்டு வரப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாயில் கொட்டித் தேடினோம். எல்லாம் அலுமினியக் காசு. மூன்று நாளில் விரல்கள் கறுத்துப்போயின. நான்காவது மூட்டையில் அம்மா கையில் ஒரு பித்தளைக் காசு தட்டுப்பட்டது, அழுக்கேறி, புகை பிடித்த மாதிரி. வருடத்தைப் படித்தேன். அதே வருடம். என் முகத்தைப் பார்த்ததுமே அம்மா அதை வாங்கிக்கொண்டு போய் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் இருந்தாள்.

"இன்னாடா இவ்ளோ கறுப்பா கீது. இதுக்கா ரெண்டாயிரம்?"

புத்தகத்தைப் பிரித்தேன். விலை நான்கு கட்டங்களில் இருந்தது. இரண்டாயிரம் கடைசிக் கட்டத்தில். புழக்கத்துக்கே வராத காசு என்று அதன் தலைப்பில் போட்டிருந்தது. அக்காவுக்குப் புரியட்டும் என்று, "புதுசா இருக்கணுமாம்க்கா," என்றேன்.

"அவ்ளோதானே."

எங்கள் வீட்டில் பித்தளை புதுசாவதற்கு ஒரே வழிதான். புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் தேய்த்தாள். வெயிலில் தூக்கிக் காட்டினாள்.

"பாருடா, கல்யாணப் பொண்ணு கணக்கா."

"சூப்பர்க்கா," என்றேன்.

மறுநாள் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் ஒரு மாடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு, தேவையில்லை என்பதுபோல் கீழே வைத்துவிட்டார்.

"புளியா, எலுமிச்சம்பழமா?"

"புளி சார்."

"இன்னா தம்பி, குத்துவிளக்குன்னு நெனச்சுகினியா?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

"கறுப்பா இருந்துச்சு சார்."

"அந்தக் கறுப்புக்குத்தான் நான் காசு குடுக்கிறேன். அப்டியே எட்தாந்திருந்தா முந்நூறு குடுத்திருப்பேன்."

"ரெண்டாயிரம்னு புக்குல..."

"அது யார் கையும் படாத காசுக்கு."

"இப்போ எவ்ளோ சார்?"

"இருபது பைசா. அதுவும் பஸ்ல வாங்க மாட்டான்."

நான் வீடு திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தேச்சிருக்கக் கூடாதாம்," என்றேன்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "நீதானே புதுசா இருக்கணும்னு சொன்ன," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஐந்தாவது மூட்டையில் ஒன்றுமில்லை. வங்கியில் சொன்னது போலவே திருப்பி வாங்கவில்லை. மளிகைக் கடை பாய்தான், "நானே சில்லறைக்கு சாக்லேட் குடுத்துகினு கீறேன், சரி போட்டுட்டுப் போ," என்று ஐந்நூறை நானூறுக்கு எடுத்துக்கொண்டார். மாதக் கடைசியும் வந்து போனது. மெஷினை வேறு யாரோ வாங்கிப்போனார்கள். அக்கா இன்னும் பதினோரு வருடம் காலர் தைத்தாள்.

மெஷின் கைநழுவிப் போன வாரமே கணக்குப் பார்த்தோம். மூட்டையில் நஷ்டம் நூறு, புத்தகம் நாற்பத்தைந்து, பீச்சுக்குப் போய்வர எட்டு, திரும்பி வராத அட்வான்ஸ் இருநூறு. நான் பேப்பரும் பேனாவும் தேடுவதற்குள் அக்கா மனசிலேயே கூட்டிச் சொல்லிவிட்டாள்: முந்நூற்று ஐம்பத்து மூன்று ரூபாய்.