ஆரோக்கியமேரி, உதவியாளர்

செய்தி வந்தபோது நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலக மேசையின் முன்னால் நின்றிருந்தேன். எங்கள் மழலையர் பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு எழுத்தரின் கையில் இருந்தது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் ஆரோக்கியமேரியின் மகள் செல்வி பேசினாள். "அம்மா போயிட்டாங்க மேடம். காத்தால டீ குடிச்சிக்கினே இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க." நான் கைப்பேசியைக் காதிலிருந்து எடுப்பதற்குள் எழுத்தர் கேட்டார்: "உதவியாளர்னு ஒருத்தர் பேரு போட்டிருக்கீங்களே, இவங்க இப்பவும் வேலையில இருக்காங்களா?"

"இருக்காங்க சார்" என்றேன்.

கோப்பைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிய பிறகுதான் திண்டிவனத்துக்குப் பேருந்து ஏறினேன். கோப்பில் உதவியாளர் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது என் நாத்தனாரின் பெயர். எங்கள் பள்ளியில் அவர் ஒரு குழந்தைக்கும் மூக்குத் துடைத்தது கிடையாது. பதினோரு ஆண்டுகள் துடைத்தவர் யார் என்று, பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போன உங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆரோக்கியமேரி பிறந்தது முகையூர்ப் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது திண்டிவனத்தை ஒட்டிய ஒரு காலனிக்கு. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் கத்தி அழும் குழந்தையை அவர் தூக்கவே மாட்டார். பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு துவைத்த துண்டுகளை மடிப்பார். சற்று நேரத்தில் அழுகிற குழந்தையே வந்து மடித்த துண்டைக் கலைத்துப் போடும். அவர் திரும்பிப் பார்க்காமல் மறுபடி மடிப்பார். ஐந்தாறு முறை கலைத்ததும் குழந்தை அவர் மடியில் ஏறியிருக்கும். சமாதானப்படுத்த ஓடிய என்னை ஒருநாள் தடுத்தார். "அழுவட்டும் டீச்சர். பாதியில நிறுத்தினா மீதி அழுகைய வூட்டுக்கு எடுத்துக்கினு போவும், ராத்திரி அவங்கம்மா பேஜாராயிடுவா."

ஆய்வு நாள் என்றால் அவருக்கு விடுமுறை கொடுத்துவிடுவேன். நாத்தனார் புதுப்புடவை கட்டி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி, அவர் இடத்தில் உட்காருவார். ஒருமுறை அதிகாரி சொல்லாமல் வந்துவிட்டார். இரண்டரை வயதுக் கவின் ஆரோக்கியமேரியின் இடுப்பில் இருந்தான். "இந்தம்மா யாருடா கண்ணு?" என்று அதிகாரி அவனையே கேட்டார். "ஆயா" என்றான்.

நம் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டியும்தான். நான் முந்திக்கொண்டேன். "அவனோட ஆயாங்க மேடம். வூட்டுக்குக் கூட்டிக்கினு போக வந்திருக்காங்க." ஆரோக்கியமேரி என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு கவினின் பையை எடுத்துக்கொண்டு, "வாடா பேராண்டி, நேரமாயிடுச்சி" என்று கிளம்பினார். வாசலில் பார்வையாளர் பதிவேட்டில், உறவு என்ற இடத்தில் பாட்டி என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். குழந்தையை உரியவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அதே பதிவேட்டின் அட்டையில்தான் ஒட்டியிருந்தது.

அதிகாரியின் ஜீப் போகும்வரை எதிர்த் தையல் கடையில் நின்றிருந்து, தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "ஆயான்னுதான சொன்னீங்க, பொய்யில்லியே. ஒரு பேரனைக் குடுத்து அனுப்பிட்டீங்க, மீதிப் பேருக்கு யாரு சோறு ஊட்டுனதுன்னுதான் ரோசனையா இருந்துச்சி" என்றார். இருவரும் சிரித்தோம். தப்பித்த நிம்மதியில் நான்தான் அதிகம் சிரித்தேன். நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"படிப்பு இல்லாதவங்க பேர எழுதச் சட்டத்துல இடமில்ல மேரிம்மா" என்றே அவரிடம் சொல்லிவந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பினேன். மூன்றாம் ஆண்டு விதிமுறைத் தாள்களை முழுதாகப் படித்தேன். உதவியாளருக்குப் படிப்பு எதுவும் கேட்கவில்லை. மருத்துவச் சான்றும் காவல் நிலையச் சான்றும் போதும். ஆனால் அடுத்த பக்கத்தில், பணியாளர்களின் பெயரையும் முகவரியையும் வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்றிருந்தது. உங்களுக்கு அவர் முகம் தெரியும், தெரு தெரியாது. சேர்க்கை நாளில் ஒரு தாய், "சோறு ஊட்டுறவங்க எந்தத் தெரு?" என்று என்னைக் கேட்டதுண்டு. நான் மழுப்பினேன். நான்கு பிள்ளைகள் வராமல் நின்றுவிடுவார்களோ என்று பயந்தேன். சட்டம் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன்.

பிற்காலத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எனக்கும் ஒரு கார்டு போட்டுக் குடுங்க டீச்சர். பேரு போட்டு, போட்டோ ஒட்டி." மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சட்டத்தைச் சொன்னேன். "ஆமா, சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்று துண்டு மடிக்கப் போய்விடுவார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செல்வியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"தெரியும் மேடம்" என்றாள். "அந்தப் பேப்பருங்கள நீங்க மேசை மேல வெச்சிட்டுப் போயிருந்தீங்களாம். அம்மா ஃபோன்ல போட்டோ புடிச்சாந்து என்னைப் படிக்கச் சொன்னாங்க. நாலு வருசம் ஆவுது. அதுக்கப்புறம்தான் கார்டு கேக்கவே ஆரம்பிச்சாங்க."

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டாங்க?"

"நானும் அதான் சண்டை போட்டேன். வேலைய வுட்டுடும்மான்னேன். 'இருடி, டீச்சருக்கே ஒரு நாளு வெக்கம் வரும், இன்னொரு தபா கேட்டுப் பாக்கறேன்'னாங்க."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

ஆரோக்கியமேரியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வெட்கம்தான். நான்கு ஆண்டுகள் அவர் காத்திருந்தது இதற்காகத்தான். அவர் போன பிறகு வந்திருக்கிறது.